குண்டு அட்டையும் ஒல்லி அட்டையும்

என் மருமகள் வித்யாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளைக் கல்யாண வீடியோ எடுக்கிறவள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எடுக்கிறவர்கள் வேறு. எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குகிறவள் அவள். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் கீழே பாத்திரக்கடை, மேல்மாடியில் அவள் ஸ்டூடியோ. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது. தினமும் அவளோடு கிளம்பிப்போய் அங்கே சோபாவில் உட்கார்ந்துகொள்வேன். அதனால் இதில் கேள்விப்பட்டுச் சொல்கிற பேச்சே கிடையாது.

வித்யா ஈசூனில் பிறந்தவள். அவள் அப்பா பஸ் ஓட்டினார். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுத் தொலைக்காட்சியில் செய்திக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான வருஷமே அதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நியூஸ்ல எல்லாரும் கோபமா இருக்காங்க அத்தை. கல்யாணத்துல பாதிப் பேராவது சிரிக்கிறாங்க" என்றாள்.

அவள் தொழில் ஒரே ஒரு வாக்கில் நிற்கிறது. காலையில் கோயிலில் தாலி ஏறினால், அன்று இரவே ஓட்டல் விருந்தில் அந்தக் கல்யாணம் பெரிய திரையில் ஓட வேண்டும். ஒரு தடவை அந்த வாக்கு தவறிப்போனது. பாதி வேலையில் கணினி படுத்துவிட்டது. படம் தயாராகித் திரைக்கு வந்தபோது நாற்காலி அடுக்குகிறவர்கள்தான் நின்று பார்த்தார்கள். அன்று வித்யா சாப்பிடவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடையை மூடிட்டு நியூஸுக்கே போயிடுவேன்" என்றாள். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

கணினிக்குள் ஓர் அட்டை இருக்கிறது. படம் வரைகிற பாரமெல்லாம் அதன் தலையில்தான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொள்கிறவள் கிராஃபிக்ஸ் கார்டு என்று சொல்லச் சொல்கிறாள். எனக்கு அது அட்டைதான். செத்துப்போனது அந்த அட்டை. புதிது வாங்க வேண்டும் என்றதும், கணினி விற்கிற சாகுல் ஹமீது இரண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரண்டும் உசத்தி ரகம். ஒன்று செங்கல் போலக் கனம், மூன்று விசிறி. மற்றது கொஞ்சம் ஒல்லி, இரண்டு விசிறி.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. புடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைப் புதுசு மாதிரியே கொடுங்க. ஒரு கீறல், ஒரு கறை இருக்கக்கூடாதுலா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக்காரர் பசுபதி வீட்டுக் கல்யாணம். அவர் மகள் மதுராவின் படம் இரவு விருந்தில் ஓட வேண்டும். அதற்குள் எந்த அட்டை என்று முடிவாக வேண்டும்.

வித்யா பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து இரண்டிலும் ஓட்டினாள். ஓமப் புகையும் பட்டு ஜரிகையும்தான் அட்டைக்குச் சோதனையாம். புகை ஒவ்வொரு நூலாகப் பிரிய வேண்டும், ஜரிகை மினுக்கி மினுக்கிக் கண்ணைக் குத்தக் கூடாது. ஒல்லி வேலையை முடிப்பதற்குள் நான் கீழே போய் டீ வாங்கி வந்து, ஆற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவிவிட்டேன். குண்டின் முறை வந்தபோது டீக்கடை வரிசையில் நிற்கும்போதே போன் வந்துவிட்டது, "அத்தை, முடிஞ்சிருச்சு" என்று.

"படம் எதுல நல்லா இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தை. நேரம்தான் வேற."

ஒல்லியில்தான் மாப்பிள்ளை முகம் களையாக இருந்தது. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் மகன் அழகப்பனுக்குக் குண்டுமேல் ஆசை. ஆனால் மறுபடி ஓட்டியபோது அது ஒரு மூச்சு உறுமியது, மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. பழைய கட்டடத்து ஒயர். குண்டையும், அறையைக் குளிரவைக்கிற ஏர்கானையும் சேர்த்துத் தாங்கவில்லை.

"ஏர்கானை நிறுத்திட்டா போச்சு" என்றான் அழகப்பன்.

"எங்க, மத்தியானம் ஏர்கான் இல்லாம உட்கார்ந்து காட்டுங்க."

உட்கார்ந்தான். சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தான்.

"ஒல்லிதான்" என்றாள் வித்யா. "நேரம் இழுத்துப் பிடிச்சாத்தான் சரியா வரும். ஆனா நடுவுல படுக்காது. எனக்கு அதுதான் வேணும்."

அந்த வருஷம் ஆயுத பூசை ஐப்பசியில், பசுபதி வீட்டுக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் வந்தது. கேமரா, கத்தரிக்கோல், விசைப்பலகை என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அழகப்பன் வேலை. ஒல்லி கணினிக்குள் இருந்தது. குண்டு மேசைமேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வித்யா பொரி வாங்கிக்கொண்டு மாடியேறி வந்து பார்க்கிறாள், மூன்று விசிறியின் நடுவிலும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்னங்க இது?"

"ஆயுதம்."

"அது நம்ம ஆயுதம் இல்லைங்க. சாகுல் பாயோட ஆயுதம்."

அவன் துணியை எடுத்துத் துடைத்தான். குங்குமம் பரவி, குண்டு முகம் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல."

"சாமிய இதுல இழுக்காதீங்க. ஏற்கெனவே இழுத்தாச்சு."

என் மகன் பொய் சொன்னால் மூக்கைத் தொடுவான். அன்று தொடவில்லை. வித்யா நம்பமாட்டேன் என்கிறாள். நான் நம்புகிறேன்.

சாகுல் ஹமீது வந்து குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொட்டு வச்சதைப் புதுசுன்னு நான் யார்கிட்ட விப்பேன், நீங்களே சொல்லுங்கம்மா" என்று என்னிடம் கேட்டார். நியாயமான மனிதர். ஒல்லியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. கையில் இருப்பதோ மாடியையே இருட்டாக்குகிற அட்டை. வித்யா ஓட்டலுக்குப் போன் போட்டாள். "மேடைக்குப் பின்னால ரூம் இருக்கா? பிளக் தனி லைனா?" என்று கேட்டாள். அதுவரை முடிந்த படம்தான் ஓட்டலுக்குப் போகும். கணினி கடைப்படி இறங்கியதே இல்லை.

"இதைப் போய் டாக்ஸியில ஏத்தப் போறியா?" என்றான் அழகப்பன்.

"ஆமா. நீங்கதான் மடியில வச்சுக்கப் போறீங்க. பொட்டு வச்சவர் நீங்கதானே."

ஞாயிற்றுக்கிழமை டேங்க் ரோடு கோயிலில் தாலி ஏறியதும் நேரே ஓட்டலுக்குப் போனோம். அந்த அறையில் ஐஸ்பெட்டிக் குளிர். பட்டுப்புடவைக்கு மேலே புருஷனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு வித்யா உட்கார்ந்தாள். குண்டு உறுமியது, விளக்கு அணையவில்லை. பசுபதி மட்டும் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, ஆயத்தமோ?"

"கொஞ்சம் பொறுங்க அங்கிள்."

"சனமெல்லாம் வந்திட்டுது."

"கதவை மூடினா சீக்கிரம் ஆகும் அங்கிள்."

யாரும் சாப்பாட்டுத் தட்டை எடுக்குமுன் திரையில் மதுரா தலை குனிந்தாள், தாலி ஏறியது. படத்தில் பசுபதி சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். "அது ஓமப் புகை" என்று நேரில் இருந்த பசுபதி பக்கத்து மேசைக்கும் சேர்த்துச் சொன்னார். படம் முடிந்ததும் அறைக்கு ஓடிவந்தார்.

"இன்னொருக்காப் போடு, பிள்ளை."

"போடறேன் அங்கிள். முதல்ல சாப்பிட்டு வந்துடறேன்."

கோட்டைக் கழற்றி அழகப்பன் கையில் கொடுத்துவிட்டு, விருந்தாளிகளோடு வரிசையில் போய் நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் தடவையும் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.