வெறும் நாடா

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஸ்கேன் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பு. 'கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே கண்டறிந்து சொல்லப்படுவதில்லை.' அதன் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. நர்ஸ் ஒருவர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். நான்கு சக்கரங்களில் ஒன்று சுழலாமல் தரையில் இழுபட்டது.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை, மூன்றாம் மாடி, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே இருந்தது என் தங்கையின் மகள். ஏழு வயது. எல்லோருக்கும் பாப்பாதான். நான்கு நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு, பிறகு நினைவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். வாயில் குழாய் போட்டு, மூச்சு இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். வெளியே நாற்காலி வரிசையில் தங்கையும் அவள் கணவரும் நானும் இருந்தோம்.

அடுத்த நாற்காலியில் குண்டடம் பக்கத்து விவசாயி ஒருவர். அவருடைய மகன் டெங்குவில் உள்ளே இருந்தான். அவர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, ஸ்கேன் வண்டி உள்ள போகுது. குழந்தைக வார்டுல யாருங்க முழுகாம இருக்கறது?"

"எனக்குந் தெரியலீங்க" என்றேன்.

"எங்கூட்டுக்காரிக்கு இந்த வண்டீலதான் பாத்தாங்க. என்ன குழந்தைன்னு கேட்டேன். டாக்டரம்மா கொடுக்காப்புளி தின்னவராட்டம் வாயே தொறக்கலீங்க."

தங்கை சிரித்தாள். அந்த மாடியில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் ஸ்கேன் என்றால் வயிற்றுப் பிள்ளைதான். ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் காலையும் மாலையும் அதை வைத்துப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. இருபது வருடமாகப் பல்லடம் பகுதியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறேன். 'சிகிச்சை பலனின்றி' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை.

டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். எங்களை உள்ளே கூப்பிட்டு, நின்றபடியே விளக்கினார்.

"மூளை வீங்கியிருக்கும்மா. மண்டையோடு விரிஞ்சு குடுக்காது. உள்ள அழுத்தம் ஏறினா, ரத்தம் மேல போறது கஷ்டம். மண்டையில ஓட்டை போட்டுக் கம்பி வச்சு அழுத்தத்தை அளக்கலாம். ஆனா இவளுக்கு ரத்தம் சரியா உறையல. ஓட்டை போட்டா ஆபத்து. அதனால இந்த ஸ்கேனை வச்சுப் பாக்கோம்."

"ஊசி குத்துவீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லம்மா. மேல வச்சுப் பாக்கதுதான்."

பாப்பாவின் இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றிய இடம் கன்றிப்போயிருந்தது. பத்து விரல்களிலும் ரோஸ் நிற நகப்பூச்சு இருந்ததாம். பிராணவாயு அளக்கும் கிளிப்பை மாட்டுவதற்காக ஒரு விரலில் மட்டும் துடைத்து எடுத்திருந்தார்கள். அந்த விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் முதலில் மூடிய இமையின் மேல் ஜெல் வைத்து, கருவியை அழுத்தாமல் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பின் உறை தடித்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். பிறகு நெற்றிப்பொட்டில், காதுக்குச் சற்று முன்னால், முடியை விலக்கி வைத்தார். அந்த இடத்தில் எலும்பு மெல்லியது, ஒலி உள்ளே போகும். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் கேட்டது. உஸ்ஸ், உஸ்ஸ் என்று ஊதுகிற மாதிரி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவிலும் அது முழுதாக அடங்கவில்லை.

"இது மூளைக்குப் போற ரத்தம்" என்றார் டாக்டர். "நடுவுல அடங்காம இருக்குல்லா, அதுதான் வேணும்."

தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெளியே வந்ததும் கணவரிடம், "இங்க குத்தாத வைத்தியம் இது ஒண்ணுதானுங்க" என்றாள். அதன் பிறகு இயந்திரம் வரும் நேரத்துக்கு அவள் தயாராக எழுந்து நிற்பாள்.

நாங்கள் சாமளாபுரத்தில் விசைத்தறி வீட்டில் பிறந்தவர்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நாலு தெரு தள்ளி, தறி வீட்டில்தான். இப்போது அவர்களுக்கு எட்டுத் தறி. கூலிக்குக் காடாத் துணி நெய்கிறார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். நூல் தீர்ந்தால் தறி தானாக நிற்க வேண்டும். பழைய தறியில் அதற்கான கம்பி தேய்ந்திருக்கும். நூல் தீர்ந்த பிறகும் நாடா போய் வந்துகொண்டிருக்கும். அதே சத்தம்தான். துணி மட்டும் விழாது. அதுதான் வெறும் நாடா. எங்கள் வீட்டில் காரியமில்லாமல் அலைகிற ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள். பைக்கில் செய்திக்கு அலைகிற எனக்கு அது பட்டப்பெயர்.

அன்று மருந்துக் கடைக்கும் மூன்றாம் மாடிக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துத் தங்கை சொன்னாள், "வெறும் நாடாவாட்டம் போயிட்டு வந்துட்டு இருக்காதீங்கண்ணா. ஒரு பக்கம் உக்காருங்க."

"மச்சான் பொறந்ததே அப்படித்தானே" என்றார் அவள் கணவர்.

அப்போது அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. தறியை நிறுத்தட்டுமா என்று ஒடிசாக்காரர் கேட்டார். கணவர் தங்கையைப் பார்த்தார்.

"நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் தங்கை. "பாப்பா ஊட்டுக்கு வர்றப்ப தறி ஓடீட்டு இருக்கோணும்."

"சலாவ், சலாவ். பந்த் மத் கரோ" என்று அவர் போனில் இந்தியில் சொன்னார்.

மறுநாள் காலைச் சத்தம் வேறாக இருந்தது. ஊதுகிறது, அடங்கிவிடுகிறது, மறுபடி ஊதுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. டாக்டர் திரையில் கோட்டை நிறுத்தி அளந்தார். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார், மருந்தை மாற்றினார்.

"நின்னு நின்னு வருதுங்களே" என்றாள் தங்கை.

"ஆமாம்மா" என்றார் டாக்டர். "அழுத்தம் ஏறியிருக்கு. குறைக்கப் பாக்கோம்."

அன்று மாலையும் அதே சத்தம், இடைவெளி சற்று நீண்டிருந்தது. குண்டடத்துக்காரரின் மகனைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அவர் போகும்போது தன் தண்ணீர் பாட்டிலை எங்கள் நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்குளுதும் இன்னிக்கோ நாளைக்கோ கீழ வந்துருமுங்க" என்றார். சரிங்க என்றேன்.

மூன்றாம் நாள் காலை. ஜன்னலுக்கு வெளியே பனியன் கம்பெனி பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. தங்கையின் கணவர் உள்ளே வரமாட்டேன் என்று டீக்கடைக்கு இறங்கிப் போயிருந்தார். டாக்டர் நெற்றிப்பொட்டில் கருவியை வைத்தார். இந்த முறை உடனே கிடைத்தது. அடங்கி அடங்கி வந்த சத்தம் இல்லை. ஒரு ஊதல், உடனே இன்னொரு ஊதல். ஒன்று போவது போல, ஒன்று வருவது போல. இடைவெளி இல்லாமல், சீராக.

தங்கை என் முழங்கையைப் பிடித்தாள்.

"கேட்டீங்களாண்ணா? இப்பத்தான் தறியாட்டம் ஓடுது."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா சொல்லுதீங்க?"

"தறியாட்டம் கேக்குதுங்க. நேத்து நின்னு நின்னு வந்துச்சு. இன்னிக்குப் போயிட்டு வந்துட்டு நல்லா ஓடுதுங்களே." கையை இடமும் வலமும் வீசிக் காட்டினாள். அந்தக் கை வேகம் சத்தத்தோடு சரியாகப் பொருந்தியது.

டாக்டர் கருவியை எடுக்கவில்லை. திரையில் கோடு நடுக்கோட்டுக்கு மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாட்களில் அது மேலே மட்டுமே இருந்தது.

"ரத்தம் போகணும்மா" என்றார். "போய்க்கிட்டே இருக்கணும். அது திரும்பறதுக்கு வேற குழாய் இருக்கு. இங்க போனது அதே வழியில அப்படியே திரும்பி வருது. உள்ள அழுத்தம் தள்ளி விடுது. மூளைக்கு எதுவும் போய்ச் சேரல."

தங்கை கையை இறக்கினாள்.

"அந்தப் பக்கமும் ஒருக்கா வெச்சுப் பாருங்க."

டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்து, இன்னொரு நெற்றிப்பொட்டில் முடியை விலக்கி, ஜெல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. கிடைத்தது. அதே சத்தம்.

தங்கை அதை முழுதாகக் கேட்டாள். பிறகு டாக்டரிடம் கேட்டாள்.

"அப்ப வெறும் நாடாவுங்களா?"

டாக்டருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தங்கையும் என்னைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

டாக்டர் சத்தத்தைக் குறைத்தார். கருவியை ஈரத்தாளால் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். நர்ஸ் இயந்திரத்தை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பாப்பாவின் முடியில் ஒட்டியிருந்த ஜெல்லைத் தங்கை புடவைத் தலைப்பால் துடைத்தாள். முந்தின நாட்களின் ஜெல் காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. அது வரவில்லை.

கீழே டீக்கடையில் தங்கையின் கணவரிடம் சொன்னேன். அவர் கையில் டம்ளர் இருந்தது.

"கோயமுத்தூருக்குக் கொண்டு போலாங்களா மச்சான்?"

டாக்டர் அங்கேயும் பேசிவிட்டதாகச் சொன்னார், படங்களை அனுப்பியிருக்கிறார், அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரை வைக்க இடம் தேடினார். கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை இன்னும் இரண்டு டாக்டர்கள் வந்து மூளைச்சாவா என்று பார்க்கும் சோதனைகளைச் செய்தார்கள். மறுநாள் காலை அதையே திரும்பவும் செய்தார்கள். ஸ்கேன் இயந்திரம் பாப்பாவிடம் வரவில்லை. பதினொரு மணிக்குப் பக்கத்தில் எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள்.  தங்கையின் கணவர் இரண்டு முறை, "சரிங்க" என்றார்.

நர்ஸ் ஒருவர் பஞ்சை வெந்நீரில் நனைத்து, முடியிலிருந்த ஜெல்லை எடுத்துவிட்டார். கிளிப்பைக் கழற்றினார்கள்.

ஆம்புலன்சில் தங்கை முன்னால் உட்கார மறுத்துப் பின்னால் உட்கார்ந்தாள். பல்லடம் சாலையில் நெரிசல். சாமளாபுரத்துக்குள் நுழைந்தபோது மணி நாலரை. உறவுக்காரர்கள் சிலர் முன்னாலேயே வந்து வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பாப்பாவை இறக்கினோம்.

எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி ஒடிசாக்காரருக்கு யாரும் போன் செய்திருக்கவில்லை.