எல்லாருக்கும் முதுகு வலி

விசாலாட்சி இறந்த செய்தி பள்ளிக்கூட ஆபீஸ் போனில் வந்தது. பத்தாம் வகுப்பு இலக்கணத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பியூன் செல்லையா வாசலில் நின்று, "டீச்சர், அம்பாசமுத்திரத்துல இருந்து போன். விசாலாட்சி அம்மா காலையில தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு தாள் திருத்தினேன். என்ன மார்க் போட்டேன் என்று தெரியாது. மறுநாள் அந்த நாலையும் மறுபடி திருத்த வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் மாடி அறை எடுத்து பிசியோதெரபி பார்த்தவர் விசாலாட்சி. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து, பெண்களின் இடுப்புத் தசைகளுக்கான சிகிச்சையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதது போல இருக்கவும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு ஆரம்பித்த வலி அது. சிறுநீர் போகும் இடத்திலிருந்து பின்பக்கம் வரை, உள்ளே, எந்நேரமும். நாற்காலியில் உட்கார்ந்தால் கூரான கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்துவேன். சுறுசுறுப்பான டீச்சர் என்று பெயர் வாங்கினேன். என் கணவர், எங்கள் பேச்சில் மாப்பிள்ளை, ஜித்தாவில் வேலையாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். வந்த பிறகு போகும் நாளை எண்ணுவேன். ஒரு தடவை, "ஒனக்கு என்னைப் புடிக்கலையா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு பிள்ளை இருக்குல்லா? கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்று நாளும் குறித்துவிட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அங்கே இருந்த நர்ஸ் ஒருத்திதான், யாருக்கும் கேட்காமல், விசாலாட்சியின் விலாசத்தைச் சொன்னாள்.

மாடி ஏறிப்போய், "முதுகு வலி" என்றேன். விசாலாட்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதுகு வலிக்கு ஏன் டீச்சர் ஒரு பக்கமா சாஞ்சு உக்காருதீங்க?" என்றார். அழுகை வந்துவிட்டது. அதை அவர் பொருட்படுத்தவே இல்லை. ஒரு தாளை எடுத்து இடுப்பெலும்பு வரைந்தார். "இதுக்கு அடியில தொட்டில் கட்டுன மாதிரி சதை இருக்கு. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. உங்களுக்கு அந்தச் சதை இறுகிக் கிடக்கு. கையை நாள் முழுக்க முறுக்கிப் பிடிச்சா வலிக்காதா?" என் வலிக்கு உடம்பில் ஓர் இடம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசி, ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிப்போடச் செய்தார்.

ஒவ்வொரு முறையும் அந்தத் தசையை உள்ளிருந்து விரலால் தளர்த்தும் முன், கையுறையை மாட்டிக்கொண்டு அவர் சொல்வது ஒன்றுதான்: "வேண்டாம்னா ஒரு விரலைத் தூக்குங்க. நிப்பாட்டிருதேன். காரணம் கேக்க மாட்டேன்." முதல் இரண்டு வாரமும் விரலைத் தூக்கினேன். அவர் நிறுத்தினார், கேட்கவில்லை, ஜன்னலோரம் போய்க் கை கழுவினார்.

சிகிச்சையில் நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை அடிவயிறு வரை இறக்கி, அந்தத் தசையைத் தளர விடுவதுதான் அவர் தந்த பயிற்சி. நானோ ஒரு மாதர் பத்திரிகையில் தசையை இறுக்கும் பயிற்சியைப் படித்துவிட்டு, அதுவும் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று, பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடும்போதெல்லாம் இறுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வாரத்தில் படியிறங்க முடியவில்லை. "முடிச்சை அவுக்கச் சொன்னா, மேல இன்னொரு முடிச்சப் போட்டுட்டு வந்திருக்கீகளே. பைய, டீச்சர். பைய" என்றார். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி, ஆண்கள் உட்காரும் கிளார்க் அறையில் ஆணியில் தொங்கும். அதை எடுக்கக் கூச்சப்பட்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வோம். அதையும் தோண்டிக் கேட்டறிந்து, "நாளைக்கே போய் அந்தச் சாவியை எடுங்க. அதுவும் பயிற்சிதான்" என்றார். எடுத்தேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் ஆபரேஷன் வேண்டாம் என்று ஆயிற்று. வலி அடியோடு போகவில்லை. போகும் என்று அவரும் சொல்லவில்லை. "குறையும். திரும்பி வரும். வந்தா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பார். அந்த வருடக் கடைசியில் ஒரு முழுப் பரீட்சைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன்.

மாடியில் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். அதில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் மூட்டு வலி, முதுகு வலி என்றுதான் சொல்லிக்கொண்டோம். யார் கையில் சிக்கினாலும் எங்கள் மானம் போகக்கூடாது என்று, பதிவேட்டிலும் அவர் எல்லாப் பெயருக்கும் எதிரே முதுகு வலி என்றே எழுதி வைத்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. அடைத்த கதவுக்குள் என்னமோ நடக்கிறது, கருக்கலைப்பு வேலை பார்க்கிறாள் என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் நாலு பேருடன் மாடியேறி வந்து பதிவேட்டைப் புரட்டினார். "முதுகைப் பாக்கதுக்கு எதுக்கும்மா கதவை அடைக்க?" என்று கேட்டிருக்கிறார். விசாலாட்சியிடம் பதில் இருந்தது. அது எங்களுடையது என்பதால் அவர் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் மேலப்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவர் வந்தது அந்த ஒரு தடவைதான். "வீட்டுக்காரர் சம்சாரத்துகிட்ட மட்டும், எதுக்கு வந்தோம்னு ரெண்டு பேர் சொன்னாப் போதும் டீச்சர். நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். உள்ளே என் மாப்பிள்ளை இருந்தார், விடுமுறையில் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்த பத்து நாள் அது. அதை எனக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மாமியாருக்குத் தெரிந்தால், ஸ்டாஃப் ரூமுக்குத் தெரிந்தால் என்று மனது ஓடியது. "சரி டீச்சர். காரணம் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துகொண்டு அம்பாசமுத்திரத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். பிறகு அவர் யாருக்கும் சிகிச்சை பார்க்கவில்லை என்று கேள்வி.

சாவு வீட்டில் பெஞ்சுக்காரிகள் ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். தம்பி மனைவி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "மதினிய உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார். மூட்டு வலிக்குப் போனேன் என்றாள் ஒருத்தி. தோள்பட்டை என்றாள் இன்னொருத்தி. என் முறை வந்தது. ஐஸ்பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். அந்த இடத்திலும், "முதுகு வலிக்கு" என்றேன். என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி எல்லாம் தாண்டி ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தே வந்தேன். வலிக்கவில்லை. அப்படி உட்கார்ந்து வர முடிகிற உடம்புதான் விசாலாட்சியிடமிருந்து என்னிடம் இருப்பது. அதை வைத்துக்கொண்டு அவருக்காகப் பாளையங்கோட்டை வரை போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களே, உங்கள் பெயரை நான் எழுத மாட்டேன். என் பெயரை எழுதுகிறேன். நூர் ஜமீலா, தமிழாசிரியை, மேலப்பாளையம். விசாலாட்சியின் பதிவேட்டில் நானும் இருக்கிறேன். எனக்கு முதுகு ஒரு நாளும் வலித்ததில்லை.