அச்சில் இல்லாத மோகினி

மழையில் நனைந்த மட்டக் காகிதத்துக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. கஞ்சிப் பசையும் அச்சு மையும் கோணி நாற்றமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ராயபுரம் ரயில் ஸ்டேஷன் வாசலில் கோணி விரித்துப் புத்தகம் விற்ற ஆள், தூறல் விழுந்ததும் தலையில் துண்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் அவற்றை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிகிறது.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறவர்கள் படிக்க நல்ல பயங்கரப் புத்தகங்களாக நாலைந்து சொல்லுங்கள் என்று இந்தப் பத்திரிகையிலிருந்து ஒரு பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போயிற்று. வயசான காலத்தில் எனக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு இதைச் சொல்லத் தெரியாதா? அட்டையில் பேய் பல்லை இளித்துக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள், உள்ளே சரக்கு இருக்காது. பாழும் பங்களாக் கதை என்றால் பட்டப்பகலில் நடப்பதாக எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள். இருட்டில் எந்த மடையனும் பயமுறுத்துவான். நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டி விற்ற பழைய கொலைச் சிந்து எங்காவது கிடைத்தால் விடாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ஆனால் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் ஏன் சொன்னேன் என்று விளக்க வேண்டியிருக்கிறது.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வீடு என்ன வீடு, நடுவில் முற்றம், சுற்றி ஆறு அறை, ஆறு குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். நைனா ‘ஆர்பரில்’ கப்பல் மூட்டை தூக்கினார். ஆறு குடித்தனத்திலும் ஆண்கள் கைநாட்டு, பெண்கள் அதுவும் இல்லை. எழுத்துத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். பதினோரு வயது, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் கட்டுமரம் கடலுக்குப் போகாது, கருவாடு காயாது, பெண்களுக்குக் கைவேலை ஓடாது. மத்தியானச் சோறு ஆனதும் தாழ்வாரத்தில் வந்து கூடிவிடுவார்கள். “தனம், குந்து, படி” என்பார்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. நான் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அது கைக்குக் கை மாறி வட்டம் சுற்றி வரும். ஒவ்வொருத்தியும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உள்ளே இருப்பது பிணத்தைத் தின்னும் பேயின் கதையாக இருந்தாலும் சரி, கண்ணில் ஒற்றாமல் கேட்கமாட்டார்கள். “அச்சுல போட்டுக்கீறான், பொய்யா சொல்வான்?” என்பது அவர்களுக்கு வேதம். எதிர் அறை முனியம்மாக் கிழவி இதைத் தினம் ஒரு தரமாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். எந்தப் புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்வது நான். ‘இந்த மழைக்கு இதுதான்’ என்று நான் சொன்னால் அப்பீல் கிடையாது. பதினோரு வயதுச் சிறுக்கிக்கு இவ்வளவு அதிகாரம் கிடைத்தால் தலை எங்கே நிற்கும்?

பின்கட்டு அறையில் கன்னியம்மாள் குடியிருந்தாள். நெட்டுக்குப்பத்துக்காரி, முப்பது வயதிருக்கும், கூடையில் கருவாடு வைத்துத் தெருத்தெருவாக விற்பாள். சிறு வயதில் அடிபட்டதில் அவளுடைய இடது குதிகால் தரையில் பதியாது. முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதித்துக் குதித்து நடப்பாள். அந்தக் காலினால் அவளை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அந்த வருஷம் முனியம்மாக் கிழவியின் மகன் மாசிலாமணி, பெண்டாட்டியை இழந்தவன், ஆர்பரில் கரி இறக்குகிறவன், ‘தை பொறந்தா கட்டிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டான். கிழவியும் முணுமுணுத்தபடி சம்மதித்தாள். கன்னியம்மாள் அந்த ஐப்பசி முழுதும் குழாயடியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்போடு ஒரு நாள் என் அம்மாவிடம் சொன்னாள், “அக்கா, ஒம் பொண்ணு பள்ளிக்கோடத்துக்குப் போவாம காசிமேட்டாண்ட கப்பல் பாத்துகினு நின்னுது.” கோள் மூட்டுகிற எண்ணம் அவளுக்கு இல்லை, குழந்தை கடலில் விழுந்துவிடுமோ என்று பயந்து சொன்னாள். அம்மா கரண்டிக் காம்பை அடுப்பில் பழுக்கவைத்து என் முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘சூடு’ என்று பெயர், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கொப்புளம் உடைகிற வரையில் நான் நினைத்ததெல்லாம் கன்னியம்மாளைப் பற்றித்தான். அம்மாவிடம் எனக்குக் கோபமே வரவில்லை. அவளிடம் கோபித்துக்கொண்டு யார் சோறு தின்பது!

மாசிலாமணி கல்யாணச் சேதி சொல்ல மீஞ்சூருக்கு அக்கா வீட்டுக்குப் போனான். போனவன் மழையில் மாட்டிக்கொண்டான். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. அடுத்த நாள் மத்தியானம் தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. கன்னியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். கையில் இருந்தது ஒரு மோகினிக் கதை, சாதாரணக் கதை, முன்பே ஒரு தரம் நான் எனக்குள் படித்து முடித்தது. ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் கண்ணைப் புத்தகத்தில் வைத்தபடியே, குரல் மாறாமல், அங்கே இல்லாததைப் படித்தேன்:

“அந்த மோகினியானவள் பகற்பொழுதில் மானிடப் பெண்ணாய்க் கருவாடு விற்றுத் திரிவாள். அவளுடைய இடது குதிகால் மட்டும் பூமியில் பாவாது. தாரத்தை இழந்த புருஷனைத் தேடி மாலையிடுவாள். மாலையிட்ட ஏழாம் நாள் அவன் இரத்தம் கக்கிச் சாவான்.”

முனியம்மாக் கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இன்னொரு தபா படி” என்றாள். படித்தேன், ஓர் எழுத்து மாறாமல். மனப்பாடம் செய்வதில் பள்ளிக்கூடத்தில் எனக்குத்தான் பரிசு. கிழவி புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தாள். “எம் புள்ள பொயச்சான்” என்று சொல்லி அதை மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கன்னியம்மாள் திரும்பி வந்தபோது அவள் குடத்தைக் குழாயடியில் வைக்கவிடவில்லை. கிழவி தன் வாசல்படியில் ஆணி அறைந்து பழஞ்செருப்பைக் கட்டினாள். கன்னியம்மாள் நடந்து போன தடத்தில் உப்பும் மிளகாயும் போட்டார்கள். “இன்னாத்துக்குக்கா? நான் இன்னா பண்ணேன்?” என்று அவள் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லா வாசலிலும் கதவைச் சாத்தினார்கள், எங்கள் வாசல் உட்பட.

மூன்றாம் நாள் காலையில் அவளை முற்றத்துத் துவைகல்லின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். “குதிகால ஊணு. ஊணிட்டா நீ மனுஷி, நாங்க ஒத்துக்கறோம்” என்றாள் கிழவி. அவள் ஊன்றப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தச் சூம்பின காலில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். குதிகால் இரண்டு விரற்கடை மேலேயே நின்றது. இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். கிழவி குனிந்து முழங்காலைப் பிடித்துக் கீழே தள்ளினாள். அழுத்தினவர்களில் ஒருத்தி என் அம்மா. ஏதோ ஒன்று படக்கென்று விலகின சத்தம் கேட்டது, கன்னியம்மாள் ஆட்டுக்குட்டி மாதிரி அலறிக்கொண்டு சேற்றில் விழுந்தாள். “பாத்தியா, பாவல” என்றார்கள். அம்மா உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டு, “எம் பொண்ணு படிச்சதால வூடு தப்பிச்சுது” என்று என் கையில் ஒரு வெல்லக் கட்டியை வைத்தாள். எனக்கு இனித்தது. வெல்லமும் இனித்தது, அந்த அலறலும் இனித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

அன்று மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது கன்னியம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து எங்கள் அறைக்கு வந்தாள். தலை ஈரம் காயவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, “பாப்பா, பொஸ்தகத்துல என்னப் பத்திப் போட்டுக்கீதாமே, அத்தக் காட்டு” என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ‘அக்கா, நான் புளுகினேன்’ என்று மூன்று வார்த்தை. சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தால் கரண்டி அடுப்புக்குப் போகும். நான் புத்தகத்தை விரித்தேன். அவசரத்தில் கடைசிப் பக்கம் வந்தது. அங்கே தலைவலித் தைலத்துக்கு ஒரு விளம்பரம். அதில் ஒரு வரிமேல் விரலை வைத்து, “இதுதான்” என்றேன்.

அவள் தன் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வரியின் தொடக்கத்தில் வைத்தாள். முடிவு வரை மெதுவாக நகர்த்தினாள். “இம்மாந்துண்டுதானா?” என்றாள். பிறகு, “அது எப்டி செத்துதுன்னு போட்டுக்கீதா?” என்று கேட்டாள்.

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். “சின்ன வயசுல தண்ணியில முழுகிச் செத்துதாம்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு மோகினியை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். “ஏயு வயசுல மொவத்துவாரத்துல முயுவிட்டேன்” என்றாள். “ரெண்டு கட்டுமரத்துக்கு நடுவுல காலு மாட்டி நசுங்கிப் பூட்ச்சி. இஸ்துப் போட்டு அயுதாங்கோ, அப்பறம் பொயச்சிக்கிச்சின்னு சொன்னாங்கோ. அப்ப பொயக்கலியா நானு? சும்மானாச்சிக்கும் சொன்னாங்களா?” என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். படித்தவள் நான்தானே.

நான் புத்தகத்தை மூடினேன். “ஏயு நாள்ல அந்த ஆளு செத்துருமா?” என்றாள். ஆமென்று தலையை ஆட்டினேன். “அது நல்ல மன்ஷன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டுகிற மழையில், விலகின காலோடு, திருவொற்றியூர் சாலையில் வடக்கே பார்த்துப் போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள். எண்ணூர் தாண்டி நெட்டுக்குப்பம் வரை எப்படி நடந்தாளோ!

இரண்டு நாள் கழித்து மாசிலாமணி ஒரு சிவப்புப் புடவையோடு வந்து சேர்ந்தான். நடந்ததைக் கிழவி சொன்னாள். அவன் அவளை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எங்கள் அறைக்குள் நுழைந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பிற்பகல், அம்மா குழாயடியில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து என் எதிரில் குந்தினான். இடுப்பு வரைக்கும் சேறு.

“டேசனாண்ட பொஸ்தகம் விக்கிற ஆளாண்ட முயுசும் படிக்கச் சொன்னேன். ரெண்டு தபா. அதுல ஒண்ணும் இல்ல” என்றான். குரலே உயரவில்லை. “அங்க நெட்டுக்குப்பத்துக்குப் போய் அதுகிட்டயும் சொன்னேன், ‘ஒண்ணும் இல்லம்மே, அந்தக் குட்டி பொய் சொல்லிக்கீது’ன்னு. நம்பல. ‘நானே வெரலால தொட்டுப் பாத்தேன்யா, கிட்ட வராத, செத்துருவ’ன்னு தண்ணிக்குள்ள எறங்கி நின்னுகிச்சு. நான் கரையில நிக்கிற வரிக்கும் அது ஏறல. மயையில எவ்ளோ நேரம் நிக்க வெக்கிறது? வந்துட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. அம்மாவிடம் சொல்லிவிடாதே அண்ணே என்று கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டான்.

“சொல்லமாட்டேன். சொன்னா சூடு போடும், ஆறிப்பூடும்” என்றான்.

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். தை மாதம் முடிவதற்குள் தாயை அங்கேயே விட்டுவிட்டு ஏதோ கப்பலில் ரங்கூனுக்குப் போய்விட்டான் என்று கேள்வி. மறு ஐப்பசியிலும் தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. “தனம், குந்து, படி” என்றார்கள். குந்தினேன், படித்தேன். ஒரு மழைக்கு மேல் துக்கப்படுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது அந்த வீடு இல்லை, இடித்துவிட்டு அரிசிக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் கோணி விரிக்க யாரும் இல்லை. பேய்ப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெண்பிள்ளை ஒருத்தியும் இந்தப் பட்டணத்தில் மிஞ்சவில்லை; என் பேத்தி படுத்துக்கொண்டு படித்துவிட்டு, “சும்மா ரீல் விடறான் பாட்டி” என்று தூக்கிப் போடுகிறாள். நல்லதுதான்.

போன ஐப்பசியில், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி நெட்டுக்குப்பம் போனேன். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண்ணிடம் கன்னியம்மாளைப் பற்றி விசாரித்தேன். “அந்த நொண்டி ஆயாவா? அது செத்துப் பத்து வருசம் கீது” என்றாள். “ஒருத்தர் வூட்டு வாசப்படி ஏறினதில்ல. நல்லது கெட்டது எதுக்கும் வராது. கொயந்திங்க கிட்டப் போனா எட்டிப் போன்னு சொல்லும். சாவுற நேரத்துல, ‘யாரும் அழுவாதீங்கோ, ஒருத்திக்கு ரெண்டு தபா அழுவக் கூடாது’ன்னுச்சு. அதனால நாங்க யாரும் அழுவல.”

பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க யாரும்மா, அதுக்குச் சொந்தமா?” என்று கேட்டாள்.

பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று சொன்னேன்.