சிக்னல் நின்ற எட்டு விநாடி

என் வேலையே, ஒருவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதுவதுதான். காது பரிசோதனை மையத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவேன். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கேட்காமலே அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டும் அழுத்தாமல் இருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, உனக்குத்தான் காதில் கோளாறு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் குரலை முதலில் கேட்ட மறுநாளே என் காதை நானே சோதித்துக்கொண்டேன். இரண்டு காதும் சுத்தம்.

போன வருடம் வரை நகரத்தின் கடைக்கோடியில் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அப்பா. மூன்றே பேர். என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எங்கேயாவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அடுத்த நிமிடம் ஓட வேண்டும். அங்கிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருப்பவருக்குப் பாதி உயிர் போயிருக்கும். எனக்கோ வேலைக்குப் போகவும் வரவும் தினம் மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் கரைந்தது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். மாமாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்குத்தான் பொறுக்க முடியாமல் போனது. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இடது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்று இரவே என் கணவர் ஒரு காகிதத்தின் நடுவில் கோடு கிழித்தார். நகரத்தின் நடுவில் அவர் பார்த்து வைத்திருந்த ஒரு கட்டடத்துக்குக் குடிபோனால் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். நல்லது பக்கம் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரி நாலு நிமிட நடை. மருந்துக் கடை மாடிப்படிக்குக் கீழேயே. என் வேலைக்குப் பத்து நிமிடம். கெட்டது பக்கத்தில் சத்தம், தூசி என்று இரண்டே வார்த்தை. யோசித்துவிட்டு அடியில் இன்னொன்றும் எழுதினார்: 'பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது.' எழுதிவிட்டு அவரே சிரித்தார். அது நல்லது பக்கத்தில் வர வேண்டியது என்றார்.

அந்தக் கட்டடத்திலேயே, நாற்சந்தியைப் பார்த்த மாதிரி நாலாவது மாடியில் வீடு கிடைத்தது. லிஃப்டும் உண்டு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம். ஊர் வாயைக்கூட மூடிவிடலாம், அந்தச் சந்தியின் வாயை மூட முடியாது. சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை ஹாரன் ஓயாது. வேலை செய்யும் இடத்திலிருந்து கருவி கொண்டுவந்து அளந்து பார்த்தேன். ஜன்னலை மூடிய பிறகும் எழுபத்தெட்டு டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே கத்த வேண்டும்.

ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, நடந்து போகிறவர்கள் சாலையைக் கடப்பதற்காக நாலு பக்கமும் ஒன்றாகச் சிவப்பு விழும். கீழே நிற்கிற போலீஸ்காரர் அப்போது ஹாரன் அடிக்கிறவனை விடவே மாட்டார். ஓரங்கட்டிவிடுவார். அதனால் அந்த நேரத்தில் மட்டும் சந்தி மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

எட்டு விநாடி. எண்ணியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மாலை 6.41. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கணவர் எட்டு மணிக்கு முன் வர மாட்டார். மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சிக்னல் விழுந்தது. சந்தி அடங்கியது.

"கதவ..."

ஒரு பெண் குரல். மெல்லிய குரல். வண்டிகள் கிளம்பின. குரல் அமுங்கிப் போனது.

யாரோ டி.வி. வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். 6.44. மறுபடி சிவப்பு.

"...திறங்க..."

கத்திக் கத்தி ஓய்ந்துபோன ஒருத்தியின் குரல் அது. இனி யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிடுகிற குரல். 6.47க்கு முழுசாகக் கேட்டது.

"கதவத் திறங்க..."

பக்கத்து வீட்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓடினேன். பெல் அடித்தேன். கதவிலிருந்த கண்ணாடித் துளை இருண்டது. உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள். கதவைத் திறக்கவில்லை. குரல் கொடுத்தும் பதில் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெரியாத ஆள் வந்து நின்றால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பாத்ரூம்ல யாரு? அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா கதவத் தட்டுதே."

பாத்ரூம் கதவு விரியத் திறந்து கிடந்தது. விளக்கு எரியவில்லை. உள்ளே யாரும் இல்லை.

நான் பயந்தது அதனால் அல்ல. மாமாவுக்குக் காது கேட்காது. அவர் காதைச் சோதித்ததே நான்தான். காதில் மாட்டும் கருவி இல்லாவிட்டால் வாசல் பெல்கூட அவருக்கு எட்டாது. கருவி அப்போது மேசை மேல் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. ஆறரைக்கு மேல், சிக்னல் நிற்கும்போது மட்டும். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டில் இருந்தார். அன்று வரவில்லை. அவரிடம் சொன்னேன். "வீட்டோட சேர்த்து சத்தத்தைத்தான் வாடகைக்கு எடுத்தோம், பேயை இல்ல" என்று சிரித்தார். கட்டடத்துக் காவல்காரரிடம், முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று விசாரித்தேன். தான் வந்தே ஏழு மாதம்தான் ஆகிறது, ஒன்றும் தெரியாது என்றார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் இருந்தும், கேட்க ஒருவர் இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, 6.35. பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் வெளியே. மாமாவும் வெளியே. எட்டரைக்குக் கணவர் வந்து தாழ்ப்பாளையே உடைத்துத்தான் திறந்தார். உள்ளே தரை காய்ந்திருந்தது. கதவின் உட்பக்கம் மட்டும், முழங்கால் உயரத்தில் ஈரமாக இருந்தது. ஒரு உள்ளங்கை அகலம்.

பழைய தாழ்ப்பாள், தானாக விழுந்திருக்கும் என்றார். தாழ்ப்பாளே வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். மாமாவுக்குக் கூச்சம், தாழ்ப்பாள் இல்லாமல் போக மாட்டேன் என்றார். மறுநாள் புதிது மாட்டினார்கள்.

வேறு வீடு பார்க்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாரம் மூன்று நாள் மாமாவைக் கையைப் பிடித்து நடத்தியே சிகிச்சைக்குக் கூட்டிப் போக முடிந்தது. இடது கை விரல்கள் லேசாக அசையத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். வேலை செய்யும் இடத்திலிருந்து காதை அடைக்கிற ஸ்பாஞ்சு இரண்டு எடுத்து வந்தேன். ஆறரைக்கு வைத்துக்கொண்டால் எட்டு மணிக்கு எடுப்பேன். கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் அப்பாவை யார் கவனிப்பது என்பார்.

மாமாவிடம் மட்டும், கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அவர் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நமக்குக் கேக்குதுன்னு அதுக்குத் தெரியும்மா."

ஆறாவது வாரம். புதன்கிழமை. 6.38க்கு மாமாவுக்கு டீ கொடுத்தேன். சமையலறைக்குள் போனேன். ஸ்பாஞ்சை வைத்தேன். சந்தி தூரத்து மழை மாதிரி ஆனது.

6.52.

கேட்டது.

ஸ்பாஞ்சையும் மீறிக் கேட்டது. சிக்னல் நிற்கவில்லை. கீழே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்வது தெரிந்தது. அந்த இரைச்சலில், அடைத்த காதில், எந்த மனிதக் குரலும் கேட்க வழியில்லை. என் பதினோரு வருட அனுபவம் அது.

"கதவத் திறங்க."

சுவருக்கு அப்பால் இல்லை. பாத்ரூமில் இல்லை.

என் பிடரிக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை. அடுப்பை அணைத்தேன். உள்ளங்கையால் காதை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"கதவத் திறங்க... கதவத் திறங்க..."

ஓய்ந்துபோன குரல் இல்லை அது. அவசரம். பதற்றம்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

7.10.

"...திறங்க..."

7.22.

தோளில் ஈரம். ஒரு உள்ளங்கை அகலம்.

7.30...

நின்றது.

ஸ்பாஞ்சை எடுத்தேன். கூடத்துக்கு வந்தேன்.

நாற்காலி காலி.

டீ ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது.

பாத்ரூம் கதவு மூடியிருந்தது. அடியில் வெளிச்சம்.

"மாமா..."

நானும் காவல்காரரும் சேர்ந்து கதவை உடைத்தோம். மாமா வழுக்கி விழுந்து, கதவருகே கிடந்தார். வலது கை விரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது. கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில், பெயின்ட் பெயர்ந்திருந்தது. தட்டியிருக்கிறார். வெகுநேரம் தட்டியிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலே நிமிடத்தில் ஆஸ்பத்திரி. காகிதத்தில் எழுதியது அப்படியே உண்மை. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார்.

என் கணவர் வந்தார். நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். சமையலறையில் இருந்தேன், சிக்னல் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவர் நம்பினார். இத்தனை வருடம் எத்தனையோ பேரைப் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மனிதர், அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த உருவம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்த வாரமே காலி செய்தோம். பழையபடி நகரத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டோம். இங்கே இரவில் இலை விழுந்தாலும் கேட்கும். நாங்கள் இருவரும்தான் பேசிக்கொள்வதில்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பகல் 11.20. ஐம்பது வயதிருக்கும், அச்சகத்தில் வேலை செய்கிறவர், காது சோதிக்க வந்தார். படிவத்தில் முகவரி எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன்.

அதே கட்டடம். நாலாவது மாடி. எங்களுக்குப் பக்கத்து வீடு.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கும் அவர் முகம் தெரியாது. நான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் உள்ளே உட்கார வைத்துச் சோதித்தேன். எவ்வளவு குறைத்தாலும் பட்டனை அழுத்தினார். ஒரு ஒலியைக்கூட விடவில்லை.

காது நன்றாகத்தான் இருக்கிறது, என்ன தொந்தரவு என்று கேட்டேன். சாயங்காலம் சிக்னல் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாத்ரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிடுவது போலக் கேட்கிறதாம். இரண்டு வருடமாக. நடுவில் யாரோ ஒன்றரை மாதம் குடியிருந்தார்களாம். இப்போது வீடு பூட்டிக் கிடக்கிறதாம்.

போய்ப் பார்க்கவில்லையா என்றேன். "நமக்கெதுக்குங்க வம்பு" என்றார். எப்படியோ பழகிவிட்டதாம். இப்போதுதான் தூக்கம் போய்விட்டதாம்.

"இப்ப ரெண்டு பேரா கேக்குதுங்க. கூட ஒரு வயசானவர்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவர் என்ன சொல்றார்?"

"அவர் கூப்பிடறதில்லங்க. அந்தப் பொண்ணு கூப்பிட்டு முடிச்சதும், மெதுவா அதுகிட்ட சொல்றார்... 'விடும்மா. அவ காதை அடைச்சுக்கிட்டா.'"

ஸ்பாஞ்சைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் முறை.