மினுக்கிய துவக்கு

எங்கள் வீட்டில் குத்துவிளக்கு மினுக்குகிற வேலை என்னுடையதல்ல. மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அது மகளின் வேலை. அவள் சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, பழப்புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்காரும்போது நான் கராஜுக்குள் போய் எதையோ தேடுவதுபோல் நின்றுகொள்வேன். புளியும் பித்தளையும் சேர்ந்து கிளப்புகிற மணம் எனக்கு ஆகாது. அம்மாவுக்கு வேலை செய்யப் பஞ்சி, சோம்பல் என்று மகள் நினைத்திருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும். பஞ்சி என்றால் ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். உண்மையைச் சொல்வதென்றால் சுடுகிற துவக்கு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு இத்தனை காலமும் எனக்கு உடம்பில் தெம்பு வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் மொன்றியலுக்கு வந்து, அகதி வழக்குப் பதிந்துவிட்டு, விசாரணைக்குக் கூப்பிடும்வரை காத்திருந்த காலம். அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் வீடுகள் துடைத்தேன். ஐந்து வீடுகள். எந்த வீட்டில் எந்தக் கட்டிலுக்குக் கீழே தூசு தங்கும் என்பது என் முழங்கால்களுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவற்றில் செவ்வாயும் வியாழனும் போகிற வீடு முசியுவினுடையது. ஆண்களை மரியாதையாக அப்படிக் கூப்பிட வேண்டும் என்று பிரெஞ்சு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அவருடைய மனைவி மதாம். மதாமுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் என்னைப் புதிதாகக் கண்டதுபோல் 'போன்ஜூர்' சொல்லுவார். ஒரு காலை நேரத்தில் ஏழெட்டுப் போன்ஜூர் ஆகிவிடும். வளைந்து ஏறுகிற வெளிப்பக்க இரும்புப் படிகளில் அவரை இறக்கி ஏற்றுவது முசியுவால் முடியாத காரியமாகிக்கொண்டு வந்தது.

முதல் நாள் முன்னறையைத் துடைக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரை அடைத்தபடி ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் ஐந்து துவக்குகள் வரிசையாக நின்றன. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். எங்கள் ஊரில் துவக்கு விலை கேட்கிற சாமான் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வன்னியில் வயல் செய்தவர், பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் இயக்கப் பெடியள் வந்து அதை மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை ஆமி வந்து அது எங்கே என்று மரியாதையில்லாமல் கேட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. ஆகவே முசியு வீட்டில் பல மாதங்கள் அலமாரியின் வெளிக்கண்ணாடியை மட்டும் துடைத்தேன், அதுவும் உள்ளே பாராமல்.

முசியு பணக்காரர் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, கார் இல்லை. அவருடைய பனிக்கோட்டின் கைமடிப்பில் மதாம் நல்லாயிருந்த காலத்தில் வைத்துத் தைத்த ஒட்டு இருந்தது. அவரோடு வேலை செய்தவர்கள் கோடையில் கடற்கரைக்குப் போனபோது இவர் பழைய துவக்கு விற்கிற இடங்களுக்குப் போனார். மற்றவர்கள் வங்கியில் போட்டதை இவர் துவக்கில் போட்டார். அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் சாதாரணமாக ஒன்று வாங்குவது, பிறகு இன்னொன்று, பிறகு இரண்டையும் விற்று நல்லதாக ஒன்று. இப்படியே ஏறி ஏறி, ஓய்வு பெறுகிற வருடம் ஆறைக் கொடுத்து ஒன்றை வாங்கினாராம். இந்த மண்ணைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து வேட்டைத் துவக்கு, வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்து நிரப்புவது. பிடியிலும் பக்கத்திலும் பித்தளைத் தகடுகள். ஒரு தகட்டில் ஓடுகிற மான் ஒன்று கீறியிருந்தது. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால்தான் மான் தெரியும். மற்ற நான்கும் சேர்ந்தாலும் அதன் கால்தூசிக்குப் பெறாது என்றார்.

இரண்டு பேருக்கும் உடைந்த ஆங்கிலம்தான் பொது. அதில்தான் கதைத்துக்கொண்டோம். நீங்கள் இதால் மானைச் சுட்டிருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். மானைக் கண்டால் பாவமாயிருக்கும் என்றார். பிறகு எதற்கு என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "வங்கி படுக்கலாம், வீடு எரியலாம். இதற்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடுகிறது, அவ்வளவுதான். எனக்கும்தான் கூடுகிறது, ஆனால் என்னை வாங்க ஒருவரும் வரமாட்டார்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு அந்த அலமாரியில் இருந்த பயம் கொஞ்சம் விட்டுப்போனது.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் அந்தத் துவக்கை விற்க முடிவெடுத்தார். ஆற்றங்கரையோரம் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. தனியாருடையது, விலை கூடியது. ஆனால் அங்கே கணவன் மனைவி ஒரே அறையில் இருக்கலாம். அது சரிவராவிட்டால் மதாமை அரசாங்க இல்லத்துக்கு விட வேண்டும். அங்கே நோயாளிக்கு மட்டும்தான் இடம், இவர் தனியே வீட்டில் இருக்க வேண்டும். "நாற்பத்தைந்து வருடம் ஒரே அறையில் படுத்திருக்கிறோம்" என்றார். செவ்வாய்க்கிழமை அந்தத் துவக்கை வெளியே எடுத்து, மேசையில் பச்சைக் கம்பளித் துணி விரித்து அதன்மேல் கிடத்தினார். வியாழன் பகல் வாங்குகிறவர் வருவதாகவும், காலையில் தான் இல்லத்துக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வருவதாகவும், அதற்குள் முன்னறையைப் பளிச்சென்று வைக்கும்படியும் சொன்னார்.

அன்றுதான் அதைக் கிட்ட நின்று பார்த்தேன். பித்தளை கறுத்துக் கிடந்தது. குழல் முழுக்க மண்ணிறமாகத் துருப்பிடித்த கறள். எங்கள் வீடுகளில் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே செம்பு, விளக்கு, தட்டம் எல்லாம் வெளியே வந்துவிடும். கறுத்த விளக்கை வைத்துக்கொண்டு சபையில் இருக்கிற வீட்டுக்கு எவன் சம்பந்தம் செய்ய வருவான்? பாவம், மனைவியையும் பார்த்துக்கொண்டு இதை மினுக்க அவருக்கு நேரம் ஏது என்று நினைத்தேன். வியாழன் காலை என் கைப்பையில் பழப்புளியும் உப்பும் தேங்காய் எண்ணெயும் கம்பிநாரும் இருந்தன.

அவர் படியிறங்கிப் போனதும் தொடங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கைத் தொட்டேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. புளிபோட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பித்தளை மஞ்சளாய்ச் சிரித்தது. குழலைக் கம்பிநாரால் எண்ணெய் விட்டு உரசினேன், மண்ணிறம் போய் வெள்ளி போல இரும்பு வந்தது. மூன்று மணித்தியாலம். தோள் கழன்றுபோனது. மான் இருந்த தகட்டில் மட்டும் கூடுதலாக நின்று தேய்த்தேன், நன்றாகத் தெரியட்டும் என்று. அது இன்னும் மங்கிப்போனது. மதாம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'போ, போ' என்று கை தட்டினார். பிரெஞ்சில் அழகு என்று அர்த்தம். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிப்பானேன்.

மத்தியானம் முசியு வந்தார். கோட்டைக் கழற்றாமலே மேசையடியில் நின்றார். பிறகு துவக்கை ஜன்னலடிக்குக் கொண்டுபோய், சரித்து, மானைத் தேடினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், அவை புளியில் ஊறிச் சுருங்கியிருந்தன. "நீ மிகவும் கஷ்டப்பட்டு வேலை செய்திருக்கிறாய்" என்றார். போய் மதாமுக்குச் சூப் சுடவைத்தார். அவருக்குப் பருக்கிவிட்டுத் தானும் குடித்தார். வாங்குகிறவர் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் அவர் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

வாங்குகிறவர் நல்ல கோட்டுப் போட்ட மனிதர். நான் கோப்பிக் கோப்பைகளோடு உள்ளே போனபோது அவர் பெருவிரலால் பித்தளையைத் தடவிக்கொண்டிருந்தார். செத்த வீட்டில் முகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் முசியு சொன்ன மறுமொழி விளங்கியது. டெலிபோனில் யார் என்று கேட்டால் சொல்வதற்கு முதல் வகுப்பிலேயே பழக்கிய இரண்டு சொல். செ முவா. நான்தான். வந்தவர் தலையை ஆட்டினார். கோப்பியைக் குடிக்காமலே தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நல்லாயில்லையா என்று கேட்டேன். "அவருக்கு ஊத்தையாகத்தான் வேண்டுமாம்" என்றார் முசியு. என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொன்னார். இருநூறு வருடமாகப் படிந்த கறுப்புக்குத்தான் அந்த விலை, அதைச் சுரண்டினால் திரும்ப வராது என்பதை அடுத்த சில நாட்களில் நானே கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டேன். அவருடைய முப்பது வருடத்தை ஒரு கொத்துப் புளியில் கழுவி ஊற்றியிருந்தேன்.

அது முழுதும் விளங்கிய அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் ஒண்டும் கதையாதையும். அவர் தானே தன்ரை பிழை எண்டு சொல்லிப்போட்டார்."

"எனக்கு மனம் கேக்கேல்லையப்பா. நாளைக்குப் போய் நான்தான் பிழை விட்டது எண்டு அவரிட்டை வாய்விட்டுச் சொல்லப் போறன்."

"சொல்லி? விசாரணைக்கு வேலை செய்யிற இடத்துக் கடிதம் வேணும். அது முதல் கைக்கு வரட்டும். பேந்து பாப்பம்."

பேந்து பாப்பம், அதாவது பிறகு பார்ப்போம், என்பது எங்கள் ஆட்களிடம் நிறையக் காரியங்களை அடக்கம் செய்த சொல். நானும் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். செவ்வாயும் வியாழனும் போனேன், துடைத்தேன், வந்தேன். சித்திரையில் மதாமை அரசாங்க இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். படியில் இறக்கும்போது அவர் என்னைப் பார்த்துப் போன்ஜூர் சொன்னார். துவக்கு அலமாரிக்குள் திரும்பிப் போய், மற்ற நான்குக்கும் நடுவில் கலியாண வீட்டுச் சாமான் போல மினுங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது மறுபடியும் உள்ளே பாராமல் துடைக்கப் பழகிக்கொண்டேன்.

கடிதம் கேட்டபோது அவர் தட்டச்சில் அடித்து, கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்துத் தந்தார். வழக்கறிஞர் கந்தோரில் மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெடியன் அதை எனக்கு வாசித்துச் சொன்னான். நாலு வரிதான். கடைசி வரி: 'தன் கையில் தரப்பட்ட எந்தப் பொருளையும் தன்னுடையதாகவே எண்ணிச் சுத்தம் செய்பவர்.' நல்ல கடிதம் அக்கா, இதைவிட வேறென்ன வேணும் என்றான் அவன். ஓம் என்றேன். அவர் குத்திக் காட்டினாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இல்லை. அவருக்கு அது வராது. அவர் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார், அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

வழக்கு வென்றது. பேப்பர் கைக்கு வந்தது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வேலையிலிருந்து நின்றேன். அடுத்த மாரிக் குளிரில் ஒருநாள், சந்தைக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பில் முசியு நின்றதைக் கண்டேன். அதே ஒட்டுப் போட்ட கோட்டு. கையில் ஒரு துணிப்பை, மேலே மதாமின் நீலக் கம்பளிச் சட்டை தெரிந்தது. தோய்த்துக் கொண்டுபோகிறார். அந்த இல்லத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நான் வீதியின் இந்தப் பக்கம், கடைக்கு வந்த கோவாப் பெட்டியோடு நின்றேன். என்னிடம் அப்போது எல்லாப் பேப்பரும் இருந்தன, பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியது இரண்டு சொல், அதுவும் பிரெஞ்சில் எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சொல். பஸ் வந்தது. அவர் முன்படியில் கையூன்றி ஏறினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

போன கார்த்திகையில் மகளுக்குக் கைக்குழந்தை. விளக்கு மினுக்க அவள் வரவில்லை. நானும் தொடவில்லை. விளக்கீட்டன்று பின்னேரம் குழந்தையோடு வந்தவள் சாமியறை வாசலில் நின்றாள். குத்துவிளக்கு அடியிலிருந்து முடிவரை கறுத்து நின்றது.

"என்னம்மா இது. ஆர் இதை இப்பிடிக் கறுக்க விட்டது?"

"நான்தான்" என்றேன்.

எவ்வளவு சின்னச் சொல்.