இஸ்திரிப் பெட்டியும் நண்பகல் ஜெபமும்

டோபி கடை வேலையில் கையும் முதுகும் எப்போதாவது ஓயலாம், கண் மட்டும் ஓயக் கூடாது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி துணிமேல் நிற்கும்போது கண்ணை மூடினால், ஆமென் சொல்வதற்குள் துணி புகைந்துவிடும். பஸ் ஓட்டிக்கொண்டோ கல்லாவில் நின்றுகொண்டோ நடுவில் இரண்டு வார்த்தை ஜெபிக்கப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபி கடையில் இஸ்திரி போட்டேன். என் தம்பி சாமுவேல் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினான். இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று நம்பி ஒரு நாள் போனான். படம் முடிந்ததும் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். செய்தி வந்த அன்று என் மனைவி ரோசம்மாள் அழுது முடித்துவிட்டு ஒரு ஏற்பாடு சொன்னாள்.

"நீங்க கடையில, நான் வீட்டுல. நடுப்பகல்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவனுக்காக ஜெபிக்கணும். அவன் வர்ற வரைக்கும் ஒரு நாளும் விடக் கூடாது."

காலரில் தொடங்கி

கடையில் மலைபோல் ராணுவச் சட்டைகள் குவிந்து கிடக்கும். தனியாக ஜெபிக்க நேரம் கேட்டால் வேலை போய்விடும். அதனால் ஒரு சட்டைக்குள் ஒரு ஜெபத்தை முடிக்கப் பழகினேன். காலரில் தோத்திரம். தோள்பட்டையில் சாமுவேலின் பெயர். இடது கையில் அவன் உடம்புக்கு, வலது கையில் அவன் மனசுக்கு. முன்பக்கம் பொத்தான்களுக்கு இடையே மெதுவாகப் போக வேண்டும், அங்கே அவன் திரும்பி வர வேண்டும் என்று கேட்பேன். மடித்து வைக்கும்போது ஆமென்.

கண்ணைத் திறந்தபடி ஜெபிப்பது ரோசம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அது ஜெபமே இல்லை, புலம்பல் என்றாள். முதலாளி வேலாயுதத்துக்கோ பிடித்துப்போயிற்று. ஒரு நாள் என் சட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தானியேலு, நீ சாமி கும்பிட்ட சட்டையில ஒரு சுருக்கம் இல்ல. எல்லாச் சட்டைக்கும் கும்பிடு லா."

எந்த நண்பகல்?

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, டோக்கியோ நேரத்துக்கு வைக்கச் சொல்லிவிட்டான். கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் நான் ஜெபித்துவந்தேன். வீட்டில் கடிகாரம் கிடையாது. கூரையின் நிழல் சுவரோரம் ஒடுங்குவதைப் பார்த்துத்தான் ரோசம்மாள் மண்டியிடுவாள். ஒரு நாள் சாயங்காலம், "இன்னைக்கு ஜெபிக்கறப்ப நல்ல மழை, இல்லையா?" என்று கேட்டாள். மழை வந்தபோது நான் ஜெபத்தை முடித்து, மதியக் கிழங்கையும் தின்று முடித்திருந்தேன். பல வாரங்களாக ஆளுக்கொரு நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவள் முகம் வாடிவிட்டது. இதனால்தான் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லையோ என்றாள்.

மறுநாள் பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் காதர் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் லுகர் என்னும் நண்பகல் தொழுகைக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வாசலில் நிழலைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் தொழுது வரும்வரை அவருடைய பெட்டியில் கரி அணையாமல் நான் பார்த்துக்கொள்வேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "கடிகாரம்தான் டோக்கியோவுக்குப் போயிருச்சு தானியேல், வெயிலு இன்னும் பிரிக்பீல்ட்ஸ்லதான் அடிக்குது. நான் தொழப் போறப்ப நீ ஆரம்பி."

முதலில் சட்டை

ஒரு நாள் ஜப்பான் சிப்பாய் ஒருவன் தன் சட்டைக்காக மேசை முன்னால் வந்து நின்றான். என் உதடு அசைவதைப் பார்த்து, தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து மேசையை ஓங்கித் தட்டினான். முதலாளி ஓடிவந்து, மலாயில், "செம்பாயாங், துவான், செம்பாயாங்" என்றார். கும்பிடுகிறான் ஐயா என்று அர்த்தம். சிப்பாய் என்னைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த மலாயில், "பாஜு டுலு. துஹான் பெலாகாங்" என்றான்.

முதலில் சட்டை, கடவுள் பிறகு. அன்றைய ஜெபத்தின் மீதியும் அந்தச் சட்டையின் மேல்தான் நடந்தது. தம்பியை லோரியில் ஏற்றியவர்கள் போட்டிருந்ததும் இதே துணிதான். எதிரியை மன்னிக்க வேண்டும் என்ற இடம் வந்தபோது பெட்டி கொஞ்சம் அழுத்தமாகவே போயிற்று. அவன் போன பிறகு காதர் பாய் மெதுவாகக் கேட்டார்: "அவனுக்காகவும் கேட்டியா, இல்ல சட்டைக்கு மட்டும்தானா?"

கிழங்குக்கு நன்றி

மரவள்ளி மாவில்தான் சட்டைகளுக்குக் கஞ்சி போடுவோம், எங்கள் வயிற்றுக்கும் அதே மரவள்ளிதான். சாமுவேல் விருந்துகளில் மூன்றாம் முறையும் சோறு கேட்க வெட்கப்படாதவன். அதனால் கிழங்கை எடுத்ததும் நன்றி சொல்லி, அவனுக்கும் இன்றைக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று சேர்த்துக்கொள்வேன். அந்த ஜெபம் கொஞ்சம் நீண்டுவிடும். நோன்பு இருந்த காதர் பாய் ஒரு நாள் என் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கிழங்குக்கா இவ்வளவு நேரம் நன்றி சொன்னே? ரெண்டு வார்த்தை போதுமே."

கண்ணை மூடிய நாள்

ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் சட்டைகள் வந்து குவிந்தன. சயாமுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். சாமுவேலைப் பற்றி விசாரித்தால் தலையைக் குனிந்துகொண்டார்கள். இனி அவனுடைய ஆத்துமாவுக்கு ஆறுதல் கேளுங்கள் என்று சபையில் ஒருவர் சொன்னார். ரோசம்மாள் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கோ சட்டையில் அவன் பெயர் சொல்லும் தோள்பட்டை வந்ததும் கை தயங்க ஆரம்பித்திருந்தது.

அப்படி ஒரு நாள் தொழுதுவிட்டு வந்த காதர் பாய் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். "இன்னைக்காவது கண்ண மூடிக்கிட்டுக் கேளு. இதை நான் பார்த்துக்கிறேன்." மேசையில் கையை ஊன்றிக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் கம்மிய குரலில் யாரோ, "அண்ணே" என்றார்கள். கடைக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணைத் திறக்காமலே, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் காதர் பாய். "சயாமுக்குப் போன தம்பிக்காக ஜெபம் பண்றாரு."

வந்தவர் மூட்டைமேல் உட்காரும் சத்தம் கேட்டது. "அப்ப முடிக்கட்டும்," என்றார்.

அவசரமில்லாமல் ஜெபித்து முடித்துக் கண்ணைத் திறந்தேன். அழுக்கு மூட்டையின் மேல், இடுப்பில் சாக்குத் துணியோடு ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் அந்த உடம்பையும் குரலையும் தின்றுவிட்டு, சிரிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"வரணும்னு மட்டும் கேட்டியாண்ணே," என்றான் சாமுவேல், "இல்ல, வந்ததும் சோறு போடணும்னும் சேத்துக் கேட்டியா?"

வயதாகி ரோசம்மாளும் போய்ச் சேர்ந்து, சாமுவேலும் போய்ச் சேர்ந்து, நான் மட்டும் இன்னும் நிழலைப் பார்த்து நண்பகலில் ஜெபிக்கிறேன், கேட்டது வாசலில் வந்து காத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.