புழுதி கிளம்பாத மைதானம்

அத்தானுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. முழுதும் மங்குவதற்குள் கொடைக்கானலின் பழைய கோல்ஃப் மைதானத்தில் ஒருமுறையாவது ஆடிவிட ஆசைப்பட்டார்.

எங்கள் ஊர்க் குருவிகுளம் தரிசில்தான் இருவரும் கோல்ஃப் ஆடிப் பழகினோம். பந்து விழும் இடத்தில் புழுதி கிளம்பும். அதை வைத்தே தேடி எடுப்போம்.

இன்று காலை மலையில் ஓங்கி அடித்தார். ஈரப்புல், எங்கும் மூடுபனி.

"புழுதியே காணலியே மாப்ள. பந்துல படலையோ?"

"நல்லாப் பட்டுச்சு அத்தான். ரொம்ப தூரம் போயிட்டு" என்றேன். நானும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஊர் திரும்பும் வழியில் சங்கரன்கோவிலில் எங்களை இறக்கிவிட்ட பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெசமாவே தூரமாத்தான் போச்சா மாப்ள?"

கொடைக்கானல் போகிறவர்கள் யாராவது அந்தப் பந்தைக் கண்டால் படம் எடுத்து அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்பினால் அத்தானே தன் கண்ணால் பார்த்துவிடுவார்.